மேசைக்கடியில் குண்டு, கதிரையில் யார்?

"அண்ணை, மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தாங்கோ" என்று செயலாளர் தம்பி கேட்டார். கிரிக்கெட் மட்ச் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1972இல் விடுதி வாசிப்பறையில் நடந்த ஒரு வாக்குவாதம். அல்ஃபிரட் ஹிட்ச்கொக் எடுத்ததில் மிக மோசமான படம் எது? அன்று தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் ஆங்கிலப் படம் பார்க்க வேண்டுமென்றால் கோட்டைப் பக்கம் இருந்த றீகலுக்குப் போவோம். புதுப் படம் எங்களிடம் வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். எங்கள் ஆங்கில சேர் உயர்தர வகுப்புப் பெடியளை அனுமதி வாங்கிக் கூட்டிக்கொண்டு போவார். பார்த்துவிட்டு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை இரவு, படிப்பு நேரம் முடிந்ததும் விவாதம்.

சேர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "சைக்கோ நல்ல படம் என்று எல்லாரும் சொல்லுவினம். அவர் எங்கே சறுக்கினார் என்று நீர் சொல்லும். சும்மா 'போர்' என்று சொல்லக் கூடாது. எந்தக் காட்சியில், எதனால் என்று காட்ட வேணும்." அவரிடம் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ ஹிட்ச்கொக்கைப் பேட்டி கண்ட புத்தகம் ஒன்று இருந்தது. பழுப்புத் தாளில் உறை போட்டு, எங்கள் கையில் தராமல் தானே வாசித்துக் காட்டுவார். மேசைக்கடியில் குண்டு இருக்கும் உதாரணத்தை அப்படித்தான் முதலில் கேட்டேன். இரண்டு பேர் மேசையில் இருந்து சாதாரணமாகக் கதைக்கிறார்கள். கீழே குண்டு இருப்பது நமக்கும் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது பதினைந்து விநாடி அதிர்ச்சி. நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பதினைந்து நிமிடம் பதைபதைப்பு. அதன் பிறகு எங்கள் விடுதியில் எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் "குண்டு எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி.

அன்று என் கட்சி, 1966இல் வந்த 'டோர்ன் கேர்ட்டின்'தான் மோசம் என்பது. பால் நியூமன் அமெரிக்க விஞ்ஞானி. கட்சி மாறியவர்போல் நடித்துக் கிழக்கு ஜெர்மனிக்குள் போகிறார், பின்னாலேயே ஜூலி அண்ட்றூஸ். இரண்டு பேரும் கலியாணம் கட்டப் போகிறவர்கள் என்று ஒரு இடத்திலும் நம்ப முடியவில்லை என்றேன். சேர் மறுக்கவில்லை. "சரி, அந்தக் குசினிக் காட்சியை ஒருக்கால் சொல்லும்" என்றார்.

எழுந்து நின்று சொன்னேன். பண்ணை வீடு. நியூமனைக் கண்காணிக்கப் பின்னால் வந்த குறோமெக் என்ற கிழக்கு ஜெர்மன் பாதுகாப்பு ஆளைக் கொன்றாக வேண்டும். வெளியே டாக்சிக்காரன் நிற்கிறான், சுட்டால் அவனுக்குக் கேட்டுவிடும். வீட்டுக்காரிக்கும் நியூமனுக்கும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இல்லை. அவள் கத்தியால் குத்துகிறாள், கத்தி முறிகிறது. மண்வெட்டியால் காலில் அடிக்கிறாள், அவன் விழுகிறான், ஆனாலும் சாகவில்லை. கடைசியில் இருவரும் அவனைத் தரையில் இழுத்துக்கொண்டுபோய் காஸ் அடுப்புக்குள் தலையைத் திணிக்கிறார்கள். நியூமனின் கழுத்தைப் பிடித்திருந்த விரல்கள் காற்றில் துடித்துத் துடித்து அடங்குகின்றன.

சொல்லி முடித்தபோது வாசிப்பறையில் ஒருவரும் பேசவில்லை. "அதில் பாட்டு, மியூசிக் ஏதாவது கேட்டதா?" என்றார் சேர். அப்போதுதான் உறைத்தது, அந்தக் காட்சியில் இசையே இல்லை. பல வருடம் கழித்து வாசித்தேன்: பேர்னார்ட் ஹெர்மன் அதற்கு இசை எழுதியிருந்தார். அவரோடு பிணங்கிப் பிரிந்த பின் வந்த ஜோன் அடிசனும் எழுதினார். ஹிட்ச்கொக் இரண்டையும் விட்டுவிட்டு மூச்சிரைப்பும் முனகலும் மட்டும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு ஆளைக் கொல்வது எவ்வளவு கஷ்டமான வேலை என்று காட்டத்தான் அப்படி எடுத்தாராம். தோற்ற படம்தான். ஆனால் அந்தக் குசினிக்குள் அவர் முழு விழிப்போடு இருந்திருக்கிறார்.

அடுத்து 'டோப்பாஸ்', 1969. கியூபா ஏவுகணை நெருக்கடி, பிரெஞ்சு உளவு, லியோன் யூரிஸின் நாவல். இதுதான் எல்லாவற்றிலும் கீழ் என்று பாதி வகுப்பு நின்றது. திரைக்கதை முடியாமலே படப்பிடிப்புத் தொடங்கியது, முடிவை மூன்று விதமாக மாற்றிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் பிறகு அறிந்தவை. எங்களுக்குத் தெரிந்தது, யாரைப் பின்தொடர்வது என்று புரியவில்லை என்பதுதான். அதற்காக ஒற்றை ஆளாய் வாதாடியவன் என் பக்கத்துக் கட்டில்காரன். வேலணையான் என்றுதான் கூப்பிடுவோம், இன்றைக்கும் அப்படித்தான். அவன் ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டான். தன் காதலி ஹுவானிட்டா உளவு சொல்லித் தனக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்று தெரிந்து, கியூபாத் தலைவர்களில் ஒருவனான பார்ரா அவளை அணைத்தபடியே சுடுகிறான். கமரா மேலேயிருந்து பார்க்கிறது. அவள் சரியச் சரிய, ஊதா உடுப்பு சலவைக்கல் தரையில் பூ விரிவதுபோல் விரிகிறது. "இரத்தத்தைக் காட்டாமலே காட்டிப்போட்டான் மச்சான்" என்றான். வாக்கெடுப்பில் தோற்றான். அசையவில்லை.

1984இல் நான் லண்டன் வந்தேன். பகலில் படிப்பு, இரவில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹிட்ச்கொக் 1899இல் பிறந்த வீட்டைப் பார்க்கலாமென்று லேற்றன்ஸ்ரோன் ஹை றோட்டுக்குப் போனேன். தகப்பனார் மரக்கறிக் கடை வைத்திருந்த இடம். 517ஆம் இலக்கத்தில் பெற்றோல் ஷெட் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

பழைய படங்களைத் தொலைக்காட்சியிலும் வீடியோ கசெற்றிலும் பார்த்துத் தீர்த்தது அந்த வருடங்களில்தான். 'ஜமெய்க்கா இன்' பார்த்ததும் என் கட்சி மாறியது. 1939, ஹொலிவூட் போகுமுன் இங்கிலாந்தில் எடுத்த கடைசிப் படம். கோர்ன்வோல் கரையில் கப்பல்களை ஏமாற்றி உடைத்துக் கொள்ளையடிக்கும் கூட்டம், அதன் இரகசியத் தலைவன் சார்ல்ஸ் லோற்றன். படத்தின் தயாரிப்பிலும் லோற்றனுக்குப் பங்கு. அவரை நிறையக் காட்ட வேண்டியிருந்ததால் தலைவன் யாரென்பது வெகு சீக்கிரமே வெளிப்பட்டுவிடுகிறது. வேலணையான் அப்போது ரொறன்ரோவில். ரெலிபோன் காசைப் பாராமல் எடுத்துச் சொன்னேன்.

"குண்டு இருக்கிறதை முதலே காட்ட வேணும் என்றுதானே சேர் சொன்னவர்? இதிலே முதலே காட்டினால் பிழை என்கிறாய்" என்று கேட்டான்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. வேலை செய்துகொண்டே யோசித்தேன். பதைபதைப்பு குண்டால் மட்டும் வருவதில்லை, கதிரையில் இருப்பவரால் வருவது. 'ரியர் விண்டோ'வில் கிறேஸ் கெலி கொலைகாரனின் வீட்டுக்குள் நிற்கும்போது, கால் முறிந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டோடு நாமும் இந்தப் பக்கம் இருந்து தவிக்கிறோம். 'ஜமெய்க்கா இன்'னில் லோற்றன் கண்ணையும் புருவத்தையும் உருட்டி மற்ற எல்லாரையும் மறைத்துவிடுகிறார். மொரீன் ஓஹாரா ஆபத்தில் நிற்கிறாள் என்பதே மறந்துபோகிறது. 'டோப்பாஸ்'இல் குண்டு இருக்கிறது, கதிரையில் இருப்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். ஹுவானிட்டாவின் காட்சி மனத்தில் நிற்பதற்குக் காரணம், அந்தச் சில நிமிடமாவது அந்தக் கதிரையில் ஒருத்தி நிலையாக இருந்தாள் என்பதுதான். இதைக் கடிதமாக எழுதினேன். "பாதி ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது.

'அண்டர் காப்ரிகோர்ன்' பற்றி ஒரு வார்த்தை. 1949, பெருநட்டம். ஆனால் அதில் இங்கிரிட் பேர்க்மன் தன் பழைய குற்றத்தைச் சொல்லும் இடம் வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் போகிறது. அதை மோசம் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை. 1958இல் 'கையே து சினெமா' என்ற பிரெஞ்சு சினிமா இதழ்க்காரர் அதைச் சிறந்த படங்களின் பட்டியலிலேயே சேர்த்தார்கள். அதே வருடம் வெளிவந்து பலர் கைவிட்ட 'வேர்ட்டிகோ', 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரித்தானிய சினிமா இதழின் வாக்கெடுப்பில் முதலிடத்துக்கு வந்தது. அந்தச் செய்தியை வேலணையான்தான் எனக்கு முதலில் அனுப்பினான். கீழே ஒரே வரி: "பொறு, டோப்பாஸுக்கும் காலம் வரும்."

போன கோடையில் அவன் லண்டன் வந்தபோது லேற்றன்ஸ்ரோன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நடைபாதைச் சுவர்களில் ஹிட்ச்கொக்குக்காக 2001இல் பதித்த 17 வண்ணக்கல் சித்திரங்கள் இருக்கின்றன. பறவைகள், சைக்கோவின் குளியலறை, மார்லீன் டீட்ரிக் எல்லாம் உண்டு. முழங்கால் வலியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தான். திரும்பி முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தான்.

"டோப்பாஸ் இல்லை" என்றான்.

"இல்லை."

கைத்தடியை என்னிடம் தந்தான். கடைசிச் சித்திரத்துக்குப் பக்கத்தில் வெறுமையாய் இருந்த சுவரில் இரண்டு கையையும் சேர்த்து வைத்து, மெல்ல மெல்ல விரித்தான், அந்த ஊதா உடுப்பு விரிந்ததுபோல. சனம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கைகள் முழுதாய் விரியும் மட்டும் நான் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.