சீக்கோ ஃபைவ் தேதித் தட்டில் 11, 17, 23 திரும்ப வந்தாச்சு

குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் கல்ஃபுக்குப் போய் வந்தவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய சீக்கோ ஃபைவ் வாட்ச் எப்படியும் கிடக்கும். என்னிடம் இருப்பது மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த 7009 மெஷின். ஆட்டோமேட்டிக், உராய்வைக் குறைக்கும் கல் 17, மணிக்கு 21,600 துடிப்பு. கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் உண்டு. ஓட்டத்தில் குறையே இல்லை. டயலுக்கு அடியில் 1 முதல் 31 வரை அச்சிட்ட தேதித் தட்டுதான் பாவம். எப்போதோ யாரோ ரிப்பேர் பார்த்தபோது தட்டையும் சேர்த்துக் கரைப்பானில் முக்கியிருக்க வேண்டும். 11 மொத்தமாகப் போய்விட்டது. 17-லும் 23-லும் பாதிதான் மிச்சம்.

நாகர்கோவில் வடசேரியில் வாட்ச் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தட்டைப் பார்த்துவிட்டு, "வேற தட்டு மாத்திப் போடுறதுதான் மக்கா எளுப்பம்" என்றார். சுலபம்தான். ஆனால் மாற்றுத் தட்டில் எண்களின் வெட்டு வேறு மாதிரி இருக்கும், வெள்ளையும் பளீரென்று நிற்கும். பக்கத்திலேயே பழுத்த கிழமைத் தட்டு இருக்கும்போது அது கண்ணை உறுத்தும்.

முதலில் மெல்லிய பிரஷ்ஷால் எழுதிப் பார்த்தேன். உருவம் சுமாராக வந்தது, பெயின்ட் மேடு தட்டிவிட்டது. தட்டுக்கும் டயலுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. மேடு இருந்தால் உரசும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கரிலும் இதே கதை, ஓரம் தூக்குகிறது. இந்த வேலையில் எழுத்தின் அழகைவிட மையின் கனம்தான் முக்கியம். கம்பெனிக்காரர்கள் பேட் பிரிண்டிங்கில் அடிப்பதும் இதற்காகத்தான்: தகட்டில் மெல்லிய பள்ளமாக எண்ணைப் பொறித்து, பள்ளத்தில் மை நிரப்பி, மெத்தென்ற சிலிக்கோன் ரப்பர் பேடால் அதை எடுத்து அடிப்பார்கள்.

தகட்டுக்கு நான் எடுத்தது எலக்ட்ரானிக் சர்க்யூட் செய்யும் சாதாரண பிசிபி போர்டு. அதில் செம்புப் படலம் 35 மைக்ரான். ஃபெரிக் குளோரைடில் எண் வரும் இடத்தில் மட்டும் செம்பை அடிவரை அரித்தெடுத்தால் அடிப்பாகம் சமமான பள்ளம் தானாகவே கிடைக்கிறது. ரப்பர் ஸ்டாம்பு மாதிரி எண்ணைத் திருப்பிப் போட வேண்டாம். பேடில் ஒருமுறை திரும்பி, தட்டில் மறுபடி நேராகிவிடும். எண்களை அதே தட்டிலிருந்தே ஸ்கேன் செய்தேன். 17-க்கு 1 பத்திலிருந்து, 7 இருபத்தேழிலிருந்து. 11 மட்டும் படுத்தியது. இரண்டு ஒன்றுக்கும் நடுவில் வழக்கமான இடைவெளி விட்டால் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நெருக்கியதும் சரியாக உட்கார்ந்தது.

பேடின் முகம் குவிந்து இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் காற்று சிக்கி, எண்ணின் நடுவில் ஓட்டை விழும். மை கல்யாணக் கார்டு அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில் வாங்கியது. கடைக் கருப்பு அதிகக் கருப்பு; துளி பழுப்பும் துளி வெள்ளையும் சேர்த்த பிறகுதான் பழைய எண்களோடு ஒட்டியது. தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தட்டை அரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். தகட்டில் மிஞ்சும் மையை வழிக்கப் பழைய ஏடிஎம் கார்டின் ஓரம் போதும்.

பேட் மையை எடுத்ததும் உடனே அடிக்கக் கூடாது. கரைப்பான் கொஞ்சம் பறந்து மையின் முகம் பிசுபிசுவென்று ஆனால்தான் அது பேடை விட்டு முழுசாகத் தட்டில் ஒட்டும். வெயில் நாளில் இது நொடிக்கணக்கு. நம்மூர் சாரலில் ஃபேன் போட்டுக் காத்திருக்க வேண்டும். பேடைத் தின்னரால் துடைத்தால் சிலிக்கோன் ஊதிப்போகும். செலோடேப்பை ஒட்டி எடுத்தாலே சுத்தமாகிவிடுகிறது.

இடம் பிடிக்க, 360-ஐ 31-ஆல் வகுத்து, 11.6 டிகிரிக்கு ஒரு கோடு போட்ட காகிதத்தின் மேல் தட்டை ஒட்டி, ட்ரில் ஸ்டாண்டில் பேடை மாட்டி இறக்கினேன். மேலே லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) பூசச் சொல்கிறார்கள். நான் பூசவில்லை. இரண்டு மழையும் பெய்யும் ஊரில், ஈரக்காற்றில் லாக்கர் பால் மாதிரி வெளுத்துவிடும்.

காய்ந்ததும் மாட்டி, கிரவுனை (வாட்ச் ஓரத்துத் திருகை)த் திருகி 1 முதல் 31 வரை ஓட்டினேன். எங்கும் உரசல் இல்லை. லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் 23-இல் 3-இன் வயிறு மட்டும் லேசாக மெலிந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாததால் விட்டுவிட்டேன். 26-உம் ஓரத்தில் உதிர ஆரம்பித்திருக்கிறது. இப்போதைக்கு அதைத் தொடப்போவதில்லை, ஆனால் அதே தகட்டில் 26-ஐயும் பொறித்தே வைத்திருக்கிறேன்.