தி. நகர் பில்லிங் திரைக்கு ஸ்டைல் மாற்றப் பட்ட பாடு

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பில்லிங் திரைக்குக் கடையின் நிறமும் தமிழ் எழுத்தும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தத் திரை பிரவுசரில் ஓடும் பக்கம்; பட்டன், டிராப்டவுன் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் ஒரு லைப்ரரியை வைத்துக் கட்டியது. நிறம், பார்டர், மூலை வளைவு எல்லாம் லைப்ரரியின் தீம் வேரியபிள்களிலேயே (தோற்றத்தை ஒரே இடத்தில் மாற்றும் மதிப்புகள்) அரை நாளில் முடிந்தது. மீதி நாட்களைத் தின்றவை டிராப்டவுனும் பட்டனும்.

டிராப்டவுனின் பெட்டி நிறம் மாறியது. விரியும் பட்டியல் மட்டும் பழைய சாம்பலிலேயே நின்றது. லைப்ரரியின் உதவிப் பிரிவுக்கு எழுதினால், நான்கு நாள் கழித்து “புது வெர்ஷனுக்கு மாறுங்கள்” என்று ஒற்றை வரிப் பதில். உண்மைக் காரணம் வேறு. திறக்கும்போது அந்தப் பட்டியலை லைப்ரரி, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடி டேகின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டுகிறது. பில்லிங் பகுதியின் கிளாஸுக்கு (ஸ்டைல் போட ஒரு பகுதிக்கு வைக்கும் பெயர்) கீழே நாம் எழுதிய சிஎஸ்எஸ் விதி, அதாவது தோற்றத்தைச் சொல்லும் வரி, அங்கே எட்டாது. இப்படி விரியும் பாப்அப்புக்கென்று தனி கிளாஸ் கொடுக்கும் வசதி பல லைப்ரரிகளில் உண்டு; அதைப் பிடித்து எழுதுங்கள். இன்ஸ்பெக்ட் செய்யப் போனால் பட்டியல் மூடிக்கொள்கிறதா? குரோமுக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸின் ரெண்டரிங் பகுதியில் ‘எமுலேட் எ ஃபோகஸ்டு பேஜ்’ என்பதை டிக் செய்தால் திறந்தபடியே நிற்கும்.

அடுத்த சண்டை, மற்ற விதிகளை மீறி ஒரு விதியை ஜெயிக்கவைக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ குறியோடு. லைப்ரரியின் விதியை வெல்ல ஒன்று போட்டால், அதை வெல்ல இன்னொன்று போட வேண்டிவரும். லைப்ரரியின் சிஎஸ்எஸ் முழுவதையும் ஒரு லேயருக்குள் (எந்த விதிக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் சிஎஸ்எஸ் அடுக்கு) இம்போர்ட் செய்து, நம்முடையதை லேயருக்கு வெளியே வையுங்கள். விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் செலக்டர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெளியே இருப்பதுதான் ஜெயிக்கும். ஆனால் கவனம்: ‘இம்பார்ட்டன்ட்’ போட்ட விதிகளுக்கு இந்த வரிசை தலைகீழ். லேயருக்குள் இருப்பது அப்போது ஜெயித்துவிடும். இது தெரியாமல் ஒரு மாலை வீணானது.

எங்கள் கணினிகளில் எல்லாம் சரி. கடையில் போய்த் திறந்தால் பாதி ஸ்டைல் காணோம், ‘நீக்கு’ பட்டனில் நீயின் சுழியும் குவின் காலும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. போன பயணமே வீண்.

கல்லாவில் இருந்தது விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசி குரோம் 109. ஒரு விதிக்குள் இன்னொரு விதியை அடுக்கி எழுதும் நெஸ்டிங் 112இல்தான் வந்தது; 109 அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும், கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட வராது. கடைக்குப் போகும் கோப்புகளைத் தயாரிக்கும் பில்டு நேரத்தில், சிஎஸ்எஸை மாற்றி எழுதும் போஸ்ட்சிஎஸ்எஸ் கருவியை வைத்து நெஸ்டிங்கைப் பிரித்தபின் காணாமல் போன ஸ்டைல் திரும்பியது. லேயர் 99இலேயே வந்துவிட்டதால் அதற்குச் சிக்கலில்லை. வேலையைத் தொடங்கும் முன்பே கடையின் பிரவுசர் வெர்ஷனைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பட்டன் வெட்டுப்பட்டதற்கு லைப்ரரி வைத்திருந்த 32 பிக்சல் உயரமும், வரி உயரமான லைன்-ஹைட் 1உம், வெளியே வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடனும் சேர்ந்துதான் காரணம். தீமில் சொன்ன எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் அந்தந்தக் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு வந்து உட்காரும்: அங்கே லதா, எங்களிடம் நிர்மலா. இரண்டுக்கும் உயரம் ஒன்றல்ல. உண்மையில் எது வரையப்படுகிறது என்பதை டெவ்டூல்ஸில் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் பார்க்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழைக் கூடவே அனுப்பி, உயரத்தை எடுத்துவிட்டு மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்), மேலும் கீழும் 6 பிக்சல் பேடிங், லைன்-ஹைட் 1.6 என்று வைத்ததும் சரியானது. அகலத்தையும் கட்டிப்போடாதீர்கள், ‘சமர்ப்பிக்கவும்’ 80 பிக்சலில் அடங்காது. இன்புட், பட்டன், செலக்ட் மூன்றும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்ளாது. ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ எழுதியே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிசைனில் அசிங்கமாகத் தெரிகிறது என்று, எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் கோட்டை ‘அவுட்லைன்: நன்’ போட்டு எடுத்திருந்தோம். கல்லாவில் மவுஸைத் தொடுவதே இல்லை, டேபும் என்டரும்தான். கர்சர் எந்தப் பட்டனில் நிற்கிறது என்று தெரியாமல், பிரின்ட்டுக்குப் பதில் நீக்கு அழுந்தியது. இப்போது, கீபோர்டில் நகரும்போது பொருந்தும் ஃபோகஸ்-விசிபிளில் 3 பிக்சல் கருநீல அவுட்லைன், 2 பிக்சல் ஆஃப்செட் (பட்டனுக்கும் கோட்டுக்கும் இடைவெளி). இரண்டாம் முறை போனபோது மவுஸே இல்லாமல் பில் போட்டுப் பார்த்தோம்; ஒரு பட்டன்கூட மாறி அழுந்தவில்லை.