ஏன் மருத்துவம் என்று எழுதச் சொன்னபோது

மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுவதற்கு நம் மாநிலத்தில் ஒரு மாணவர் கடந்துவர வேண்டிய வழி நீளமானது. ஆனால் ‘ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறாய்’ என்று அந்த வழியில் எந்த அலுவலரும் கேட்பதில்லை. நான் எழுதிய 2020ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். தவறான விடை ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் கழியும். இயற்பியல், வேதியியல், உயிரியல் தவிர வேறெதையும் அந்தத் தாள் என்னிடம் அறிய விரும்பவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்டுத்தான் இடம் தருவார்கள் என்றால், அழகாகப் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு நடுவே, கடலூர் முதுநகரில் அரசுப் பள்ளியில் படித்த நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

கொரோனாவால் அந்த ஆண்டுத் தேர்வு மே மாதத்திலிருந்து ஜூலைக்கும், பிறகு செப்டம்பர் 13க்கும் தள்ளிப்போனது. தேர்வு முடிந்த இரண்டாம் நாள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழங்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. அக்டோபர் 16இல் முடிவுகள் வந்தபோது ஆளுநரின் ஒப்புதல் இன்னும் கிடைத்திருக்கவில்லை. என் மதிப்பெண்ணுக்கு அந்த ஒதுக்கீடு இல்லாமல் இடமே கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் மீன் எடை போடும் வேலையிலிருந்து திரும்பும் அப்பா, கைகால் கழுவும் முன்பே “கையெழுத்து ஆயிடுச்சா?” என்று கேட்பார். அக்டோபர் 29இல் அரசாணை வெளியானது. மறுநாள் ஒப்புதலும் வந்தது.

அதன் பிறகு சான்றிதழ்களுக்கான அலைச்சல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன் என்று நிறுவ வேண்டும். நான் எட்டாம் வகுப்புக்குப் பின் பள்ளி மாறியதால் இரண்டு தலைமையாசிரியர்களிடம் கையொப்பம் தேவைப்பட்டது. பள்ளிகளோ பூட்டிக் கிடந்தன. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை முன்பே வாங்கி வைத்திருந்தது என் நல்ல நேரம். இனி விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே இவற்றைத் தயார் செய்துகொள்ளலாம். நவம்பர் 18இல் சென்னை பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டு அரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. அடுத்த நாள் என் முறை வந்தபோது விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். தனியார் கல்லூரிகளில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு கலந்தாய்வு தொடங்கிய பிறகுதான் வந்தது என்பதால், அன்று அந்த அரங்கில் பலருடைய பெற்றோர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கணக்கே அதிகம் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் செய்தியாளர்கள் கேட்டார்கள்: ஏன் மருத்துவம்? ‘ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும்’ என்றேன். ஒதுக்கீட்டில் இடம் பெற்ற பிள்ளைகளிடம் எல்லோரும் எதிர்பார்க்கும் பதில் அது. வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் இதே வற்புறுத்தலோடு யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை என்பதைப் பிறகு கவனித்திருக்கிறேன்.

கல்லூரியில் சேர்ந்ததும் நடந்த அடிப்படைப் பயிற்சி வகுப்பில்தான், உடலியல் துறைப் பேராசிரியர் ஒருவர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ‘செய்தியாளரிடம் சொன்னதை எழுத வேண்டாம்’ என்ற முன்னறிவிப்போடு அதே கேள்விக்கு விடை எழுதச் சொன்னார். நெடுநேரம் யோசித்து நான் எழுதியது என் ஆயாவைப் பற்றி.

ஆயாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது காலில் ஆறாத புண் வந்து, விடிவதற்கு முன்பே பேருந்து பிடித்துப் புதுச்சேரி போய், அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பேருந்து ஏறி ஜிப்மர் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்போம். ஒருநாள் ஓர் இளம் மருத்துவர் ஆயாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டு, “பட்டா சொல்லுங்கம்மா” என்றார். இழை வளையும் அளவுக்கு அழுத்தியும் ஆயா பேசாமல் இருந்தார். சற்றுப் பொறுத்து, “இன்னும் தொடலியே சாமி?” என்று கேட்டார். செருப்பைத் துளைத்து ஏறியிருந்த ஆணி நாள் முழுவதும் காலைக் கிழித்தும் அவர் அறியாததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது: நீடித்த சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து, வலி என்ற எச்சரிக்கையையே எடுத்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை வலியில்லாமல் இருப்பது நல்லது என்றுதான் நினைத்திருந்தோம். ஆயாவுக்காக வருந்தியதை விட, ஓர் இழையைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடிகிறதே என்ற வியப்புதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. அது எனக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசையைத்தான் அந்தத் தாளில் எழுதினேன்.

அதோடு நிறுத்தவில்லை. நிலையான சம்பளம் வேண்டும், அரசு அலுவலகங்களில் அப்பாவை உட்காரச் சொல்லிப் பேச வேண்டும் என்பவற்றையும் எழுதினேன். இவை தாழ்ந்த காரணங்கள் என்று நான் கருதவில்லை. முதலாண்டில் உடற்கூறியல் பாடம் ஆங்கிலத்தில் மலைபோல் நின்றபோது என்னை விடுதியில் இருத்தி வைத்தவை சம்பளமும் அப்பாவும்தான். வியப்பு திரும்பி வந்தது நோயாளிகளைப் பார்க்க வார்டுக்குள் போன பிறகு.

இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். மேற்படிப்பில் பொது மருத்துவம் எடுத்துச் சர்க்கரை நோயில் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் எண்ணம். பெண் பிள்ளைக்கு மகப்பேறு மருத்துவம்தான் ஏற்றது, ஊரிலேயே கிளினிக் வைக்கலாம் என்பது அம்மாவின் கட்சி. அப்பா இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை.