மாமாவின் அங்கவஸ்திரமும் ஒரு ஃபிலிம் டப்பாவும்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கல்யாணத்துக்கு அப்பாவின் 1984 மாடல் மார்க் 4 அம்பாசடரிலேயே போகலாம் என்று சொன்னது நான்தான். அதனால் கொடைரோடு தாண்டியதும் வண்டி நாலு தடவை தும்மிவிட்டு நின்றபோது பின் சீட்டுப் பட்டுப்புடவைகள் எல்லாம் என்னையே பார்த்தன.

"பம்ப் சூடாயிருச்சு மாப்ள, பெட்ரோல் ஆவியாகுது" என்றார் மாமா. அம்பாசடர் வைத்திருந்தவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான், பம்ப் மேல் ஈரத் துணி போடுவது. ஆனால் துணி வேண்டுமே? மாமாவின் ஜரிகை அங்கவஸ்திரம் தியாகம் ஆனது. அரை மணி நேரத்தில் வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆக, மாமா அடித்த பெருமையைக் கேட்க முடியவில்லை. அம்பாத்துரை வரும் முன்னே மறுபடி தும்மல்.

அதுவரை சாலையோரத்தில் திராட்சை வாங்கித் தின்றுகொண்டிருந்த அப்பா இந்தத் தடவை மெதுவாக எழுந்து வந்தார். "ஆற விடாதே, சூட்டோடயே பார்க்கணும்" என்று சொல்லி, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்ப்பரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லிவரை இழுத்தார். பெட்ரோல் பீச்சியது. சரி, பம்ப் நிரபராதி. அப்புறம் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, சாவியைப் போடச் சொல்லி, காயில் வயரை எஞ்சின் பிளாக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கும் பாயிண்ட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டித் திறந்தார். வயர் முனையில் மஞ்சளாக, நோஞ்சானாக ஒரு பொறி. பாயிண்ட்டிலோ வெல்டிங் பட்டறை மாதிரி நீலமாகப் பளிச்சென்று.

"பிளக்குக்குப் போக வேண்டியதெல்லாம் இங்கயே எரியுது. கண்டன்சர் போச்சு."

பாயிண்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாவிவிடாமல் வாங்கி வைத்துக்கொள்வது கண்டன்சர்தான். அந்தக் கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் காயிலிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். சூட்டில் படுத்து, ஆறினதும் எழுந்துகொள்ளும் கண்டன்சருக்கு அரை மணி ஓய்வே போதும், அங்கவஸ்திரம் வெறும் சாட்சி. இதை மாமாவிடம் சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை.

"எப்ப மாத்தின?" என்றார் அப்பா.

போன ஞாயிற்றுக்கிழமை. யூடியூப் பார்த்து, நானே, புதுசு, விலை குறைவாக இருக்கிறதே என்று. நல்லா ஓடிக்கொண்டிருந்த பழசைக் குப்பையில் போட்டதையும் ஒப்புக்கொண்டேன்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் டேஷ்போர்டைத் திறந்து ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பாவை எடுத்தார். உள்ளே அதே பழைய கண்டன்சர், துடைத்து, நூல் சுற்றி. குப்பைக்கூடை வரை என் பின்னாலேயே வந்திருக்கிறார்!

மாட்டும்போது என் கை நடுங்கி அந்தச் சின்ன ஸ்க்ரூ டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே விழுந்து, அத்தையின் ஹேர்பின்னால் அதைத் தோண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது தனிக்கதை. முகூர்த்தம் முடிந்து, பந்தியில் கடைசி வரிசைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

கிளம்பும் முன் அந்தப் புதுக் கண்டன்சரைத் தூக்கி எறியப் போனேன். அப்பா கையிலிருந்து பிடுங்கி, நூல் சுற்றி, அதே டப்பாவில் போட்டு மூடினார்.