மச்சானின் ஜிப்ஸியும் சங்ககிரி பெரியவரும்

மச்சானின் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது, அதனால் அந்தப் பாக்கியம் எப்போதும் எனக்குத்தான். கம்பெனியில் இருந்து வந்தபோது ஜிப்ஸியின் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களை இணைக்கும் அச்சு, பட்டைக்கு (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள்) மேலே உட்கார்ந்திருந்தது. மச்சான் அதைப் பட்டைக்குக் கீழே மாட்டி, வண்டியை ஏறக்குறைய 5 இஞ்ச் தூக்கி, பெரிய டயரும் போட்டுவிட்டார். இப்போது அத்தை ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டும். இப்படியெல்லாம் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் மாட்டுவீர்களே என்று கேட்டால், "எஸ்டேட்டுக்குள்ள மட்டும்தான் ஓட்டறேன் மாப்ளே" என்பார். எஸ்டேட் வரைக்கும் வண்டி பறந்தா போகிறது என்று கேட்கக் கூடாது.

ஏற்காட்டுப் பக்கம் அவர் நண்பருடைய காப்பித் தோட்டம், முந்தின நாள் நல்ல மழை. ஒரு செம்மண் மேட்டில், நாலு சக்கரமும் மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் ஃபோர் வீல் லோ போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் ஆக்ஸிலேட்டரை அமுக்கினார். அவ்வளவுதான், பின்பக்கம் தட் தட் தட் தட் என்று முரட்டு ஆட்டுக்கடா மாதிரி துள்ள ஆரம்பித்தது. என் கண்ணாடி டேஷ்போர்டில், பின் சீட்டில் இருந்த சாம்பார் தூக்கு என் முதுகில். மச்சான் காலை எடுக்கவில்லை, "ஏறிரும் ஏறிரும்" என்றே அமுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் டங் என்று ஒரு சத்தம், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் கிராஸ் (அதன் மூட்டு) போய்விட்டது.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கிளட்ச் என்றார், ஒருவர் இன்ஜின் மவுண்ட் என்றார், காப்பி பறிக்க வந்த ஒரு அம்மா யாரும் கேட்காமலே எலுமிச்சம்பழம் என்றார்.

வண்டி சங்ககிரியில் லாரிகளுக்குப் பட்டை கட்டும் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் எதுவும் பேசாமல் புது கிராஸ் போட்டார், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார், லோ ஃபர்ஸ்டில் கிளட்சை மெல்ல விடச் சொல்லிவிட்டு என்னைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சக்கரம் நகர முடியாததால் ஆக்ஸிலின் கூடான ஹவுசிங்கே பின்னோக்கித் திரும்புகிறது, ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு மேலே கிளம்புகிறது, பட்டை முன்பாதி மேலே வளைந்து, பின்பாதி கீழே வளைந்து 'எஸ்' எழுத்தாகிவிட்டது. மேட்டில் டயர் வழுக்கியதும் அந்த முறுக்கு படாரென்று விடுபடும், டயர் திரும்பப் பிடித்ததும் மறுபடி முறுக்கேறும். அந்தத் துள்ளல் இதுதான். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஷாஃப்ட், கிராஸ், பினியன் எல்லாவற்றுக்கும் ஓர் அடி.

"ஏனுங் தம்பி, எதுக்கு இத்தனை உசரம் தூக்குனீங்க?"

"கீழ பாறை தட்டாம இருக்கத்தானுங்க ஐயா."

பெரியவர் ஹவுசிங்கின் நடுவில் புடைத்திருக்கும் குண்டை ஸ்பேனரால் தட்டிக் காட்டினார். "இது இருந்த எடத்துலயேதான இருக்குதுங்க?"

மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உண்மைதான், பாடிதான் ஏறியது, குண்டை மேலே தூக்கியது பெரிய டயர் மட்டும்தான். பட்டையை ஆக்ஸிலோடு பிடித்துக்கொண்டு அடியில் தொங்கிய யூ போல்ட்டும் தட்டும் மேலே போனது ஒரு லாபம், அதை நான்தான் எடுத்துச் சொல்லிக் கொஞ்சம் ஆறுதல்படுத்தினேன்.

நஷ்டம் எங்கே என்றால், டயர் தரையைத் தள்ளும் விசை பட்டையை முறுக்குகிறதே, அதற்கு நெம்புகோலின் நீளம் தரையிலிருந்து பட்டை வரைக்கும் உள்ள உயரம். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தவரை அது குட்டை. மேலே போனதும் அதே பட்டைக்கு இழுப்பு கணிசமாக அதிகமாகத் தெரியும், பெரிய டயர் அதை இன்னும் கூட்டும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கினாலும் இதே கதை.

பெரியவர் யூ போல்ட்டை முறுக்கி, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, ஆக்ஸிலுக்கு முன்பாதியில் மட்டும் ஒரு அரைப் பட்டை சேர்த்தார். முறுக்கில் மேலே வளைவது அந்த முன்பாதிதான், அங்கே விறைப்பு கூடினால் போதும், பின்பாதி சாதாரணமாக மடங்கும், சவாரியும் ரொம்பக் கெடாது. மச்சானுக்கு அது போதவில்லை. வேறொரு வெல்டிங் கடையில் ஹவுசிங்கிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு ஒரு கம்பியை இரண்டு பக்கமும் அசையாமல் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வந்தார். முதல் பள்ளத்திலேயே பிராக்கெட் பிய்ந்தது. பின்னே, சக்கரம் ஏறி இறங்கும்போது பட்டை ஆக்ஸிலை ஒரு வட்டத்தில் கொண்டுபோகும், கம்பி வேறொரு வட்டத்தில் இழுக்கும், இரண்டில் ஒன்று பிய்ந்துதானே ஆக வேண்டும்?

மறுபடி சங்ககிரி. பெரியவர் கம்பியின் பின்முனையை ஹவுசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடித்து, முன்முனையை மட்டும் சேஸிஸில் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கவிட்டார். முன்னும் பின்னும் ஊசலாடும், ஆனால் ஹவுசிங்கைத் திரும்ப விடாது. கூலி வாங்கும்போது, "துள்ளுனா காலை எடுத்துருங்க தம்பி, அமுக்காதீங்க" என்றார்.

அதே செம்மண் மேட்டில் அடுத்த மழைக்கு வண்டி சத்தமில்லாமல் ஏறியது. மச்சான் இறங்கி, குனிந்து, முன் ஆக்ஸிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.