கௌத்தோகெய்னோவுக்குப் போய்வந்த வழி

ஒஸ்லோவில் இயங்கும் எங்கள் சிறிய தமிழ் நாடகக் குழுவுக்கு, சென்ற மாசி மாதம் நோர்வேயின் வடக்கே உள்ள கௌத்தோகெய்னோவில் நான்கு நாள்கள் நடந்த பழங்குடி அரங்கக் கலைஞர்களின் கூடலுக்கு விருந்தினராக வர அழைப்புக் கிடைத்தது. அவ்வூர், வட ஐரோப்பாவின் பழங்குடியினரான சாமி மக்களின் ஊர். அவர்களுடைய மொழியில் அதன் பெயர் குவோவ்டகெயட்னு. பெய்வாஷ் என்னும் சாமி தேசிய அரங்கு 1981 முதல் அங்கேதான் இயங்குகிறது. இதேபோன்ற அழைப்பு வேறு யாருக்கேனும் வரக்கூடும் என்பதால், நான் கடந்துவந்த படிகளை எழுதி வைக்கிறேன்.

விண்ணப்பத்தில், எதைக் கற்றுக்கொண்டு போக விரும்புகிறீர்கள் என்றொரு கேள்வி இருந்தது. சாமி மக்களின் மரபுப் பாடலான யொய்க்கைக் கற்று எங்கள் கூத்தில் சேர்க்க விரும்புகிறேன் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒருவரைக் குறித்துப் பாடப்படும் யொய்க், அதைப் புனைந்தவருக்கு அல்ல, யாரைக் குறித்ததோ அவருக்கே உரியது என்றும், ஆகவே உரியவரைக் கேளாமல் பதிவு செய்வதோ மேடையில் எடுத்தாளுவதோ தகாது என்றும் பொறுமையாக விளக்கினார். பதிலைத் திருத்தி அனுப்பிய பிறகே இடம் உறுதியானது. மந்தை வைத்திருப்பவரிடம் எத்தனை கலைமான்கள் என்று கேட்கக்கூடாது, அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம் என்பதையும் அவரே சொல்லி வைத்தார்.

ஒஸ்லோவிலிருந்து வடக்கே ஆல்டா என்ற ஊருக்கு இரண்டு மணி நேர விமானப் பயணம். நான் இறங்கினேன், என் பெட்டி வரவில்லை. குளிருடுப்பு முழுவதும் அதற்குள் இருந்ததால், மறுமுறை போனால் கம்பளி உள்ளுடையையும் சப்பாத்தையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வேன். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். வழியில் மாசே என்ற கிராமம் வருகிறது. ஆல்டா ஆற்றில் அணை கட்டும் முதல் திட்டத்தின்படி அந்தக் கிராமமே நீருக்குள் போயிருக்கும். அதை எதிர்த்து 1979இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 தையில் நூற்றுக்கணக்கான காவலர்கள் வந்து போராட்டக்காரர்களை அப்புறப்படுத்தினார்கள். அணை பின்னர் கட்டப்பட்டது, ஆனால் மாசே தப்பியது. பெய்வாஷ் பிறந்தது அதே போராட்டக் காலத்தில் என்பதால், அந்தச் சாலையில் போகாமல் அந்த அரங்கைப் பார்த்திருந்தால் பாதியைத்தான் பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது.

இறங்கியபோது குளிர் சுழியத்துக்குக் கீழே 32 பாகை. நான் தங்கிய வீட்டின் மூத்த பெண்மணி என் பருத்திக் காலுறைகளைக் கழற்றச் சொல்லி, கலைமான் தோலால் செய்த சப்பாத்தைக் கொடுத்தார். அதற்குள் காலுறைக்குப் பதிலாக, கோடையில் அறுத்து உலர்த்திய ஒருவகைக் கோரைப்புல்லை வட்டமாகச் சுருட்டி அடைத்து, கணுக்காலைச் சுற்றி நெய்த பட்டியால் இறுக்கிக் கட்டினார். நான்கு நாளும் என் கால் குளிரவில்லை. ஒவ்வொரு இரவும் அந்தப் புல்லை வெளியே எடுத்து அடுப்பருகே உலர்த்த வேண்டும். அதை மட்டும் மறக்காதே என்றார்.

கூடல், 2024இல் திறக்கப்பட்ட சோர்வெமாட்டா என்ற கட்டடத்தில் நடந்தது. கலைமான் கொம்பு தலையோடு சேரும் உறுதியான அடிப்பகுதிக்கு அந்தப் பெயர். அரங்கும், சாமி உயர்நிலைப் பள்ளியும், கலைமான் வளர்ப்புப் படிப்பும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒத்திகைக்கும் மதிய உணவுக்கும் இடையில் மாணவர்களோடு தோள் உரசாமல் நடக்க முடியாது.

முதல் நாள் அறிமுகத்துக்காகக் குழுவின் நாடகங்களைப் பற்றி நோர்வேஜிய மொழியில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன் பேசியவர்கள் யாரும் தம் படைப்புகளில் தொடங்கவில்லை. தந்தையின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், பிறகு ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் படலையைத் திறந்ததும் "நீர் ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்பார்களே, அதே கேள்விக்கான பதில். தாளை மடித்து வைத்துவிட்டு, அம்மம்மாவின் ஊரையும் அப்பாவின் பெயரையும் சொன்னேன். எண்பதுகளின் இறுதியில் அகதியாக வந்த அப்பா கௌத்தோகெய்னோ இருக்கும் இதே ஃபின்மார்க் மாகாணத்தின் கடற்கரையில், போட்ஸ்ஃபியூரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார் என்பதையும் சொன்னேன். அவையில் இருந்த ஒருவர், அப்படியானால் நீ முதல்முறை வரவில்லை, திரும்பி வந்திருக்கிறாய் என்றார்.

அன்றிரவு அப்பாவை அழைத்து, தொழிற்சாலையில் சாமி மக்கள் இருந்தார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். சற்று நேரம் கழித்து, மீனை வெட்டும் மேசையில் இரண்டு வயதான பெண்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் வேறொரு மொழி பேசுவார்கள் என்றும், மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்தால் நிறுத்திவிடுவார்கள் என்றும், எல்லோரும் அதை ஃபின்னிஷ் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம் என்றும் சொன்னார்.