முதலில் கேட்க வேண்டிய கேள்வி

“நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?”

என் அலுவலகத் தொலைபேசிக்கு அழைக்கும் பேராசிரியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆராய்ச்சிப் பாதுகாப்புப் பிரிவு என்ற பெயரைக் கேட்டதுமே அவர்கள் குரல் இறுகிவிடுகிறது. அவர்கள் செய்ததெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் கூட்டாய்வு ஒப்பந்தம் போட நினைத்ததுதான். அந்த இறுக்கம் தளரப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நான் அவசரப்படுத்துவதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒருவர் என்னை அழைத்திருக்கிறார் என்பதைவிட இந்த வேலையில் பெரிய நல்ல செய்தி எதுவும் கிடையாது. போட்ட பிறகு வரும் அழைப்புகளில் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அரசுக்குக் கொள்கை ஆலோசகராக வருவதற்கு முன் நான் ஆய்வகத்தில் இருந்தவன். அகச்சிவப்புக் கதிர்களை உணரும் பொருள்களைப் பற்றி ஆராய்ந்தேன். அத்தகைய உணரி நோயாளியின் நெற்றியில் வெப்பத்தை அளக்கும். ஏவுகணையின் முனையில் பொருத்தினால் இலக்கையும் தேடும். ‘இரட்டைப் பயன்பாடு’ என்று கோப்புகளில் எழுதப்படும் சொல் எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. எந்த அடுக்கை எந்த வெப்பநிலையில் வளர்த்தால் குறை இல்லாமல் வரும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆய்வுக் கட்டுரையில் அது ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரியை எழுதிய கையின் பழக்கம் கட்டுரைக்குள் வரவே வராது. அறிவு என்பது தாளில் இருப்பது மட்டுமல்ல, ஆளிடமும் இருக்கிறது. நான் இன்று எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் இந்த எண்ணம் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும்.

உளவாளிகளைத் துரத்துவதுதான் என் வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு வேறு துறைகள் இருக்கின்றன. நான் செய்வது ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிப்பது. முடிவுகளை வெளியிடுவதற்கு முன் நிதி கொடுப்பவரின் ஒப்புதல் வேண்டுமா, வெறும் முன்னறிவிப்புப் போதுமா? மூலத் தரவுகள் யாருடைய கணினியில் சேமிக்கப்படும்? வருகை ஆய்வாளராக வருபவருக்கு உதவித்தொகை தரும் அமைப்பு பதிலுக்கு அவரிடம் என்ன எதிர்பார்க்கிறது? பேராசிரியருக்கு வேறொரு நாட்டில் இரண்டாவது பதவி இருந்தால் அது அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரியுமா? ஒருமுறை நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்றில், ‘இதனுடன் தொடர்புடைய முந்தைய அறிவும் இதில் அடங்கும்’ என்ற பொருள்படும் ஒரு வாக்கியம் இணைப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்த ஆய்வகம் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்ததெல்லாம் அந்த ஒற்றை வாக்கியத்தின் வழியே வெளியே போயிருக்கும். யாரும் திருட வேண்டிய தேவையே இல்லை. கையெழுத்திட்டு நாமே கொடுத்திருப்போம். அந்த வாக்கியத்தை நீக்கச் சொன்னோம், மறுதரப்பும் ஏற்றுக்கொண்டது. கூட்டாய்வு நடந்தது, நல்ல முடிவுகளும் வந்தன. என் பணியில் நான் மனநிறைவோடு நினைத்துப் பார்க்கும் கோப்புகளில் அதுவும் ஒன்று.

பிரிவில் புதிதாகச் சேரும் இளம் அதிகாரிகளுக்கு நான் இரண்டு பழைய நிகழ்ச்சிகளைச் சொல்வது வழக்கம். அவை எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பதால்தான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலாவது, நெதர்லாந்தில் நடந்தது. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களை உருவாக்கிய யுரென்கோ கூட்டமைப்புக்கு வேலை செய்துவந்த ஒரு துணை நிறுவனத்தில் 1972-இல் பாகிஸ்தானியரான அப்துல் கதீர் கான் உலோகவியலாளராகச் சேர்ந்தார். 1974-இல் இந்த இயந்திரங்களைப் பற்றிய ஜெர்மன் ஆவணங்களை டச்சு மொழிக்கு மாற்றும் பணி அவரிடம் வந்தது. மொழி தெரிந்தவர் அவர், வேலையும் முடிய வேண்டியிருந்தது. அவ்வளவு எளிய அலுவலகத் தேவை ஒன்றின் வழியாகத்தான் அந்தக் கதவு திறந்தது. 1975-இன் இறுதியில் பாகிஸ்தானுக்குச் சென்றவர் திரும்பவில்லை. அணுகுண்டுக்கான அந்த நாட்டின் செறிவூட்டல் திட்டம் அவர் தலைமையில் வளர்ந்தது. பின்னாளில் அதே தொழில்நுட்பம் லிபியா, ஈரான், வட கொரியா வரை போனது. இதைச் சொல்லி முடிக்கும்போது அறையில் இருப்பவர்கள் எல்லாரும் கதவுகளை இழுத்துப் பூட்டும் மனநிலைக்கு வந்துவிடுவார்கள்.

அப்போது இரண்டாவதைச் சொல்வேன். 1940-இல் சோவியத் இயற்பியலாளர் கியோர்கி ஃபிளோரோவ், பெத்ர்ஜாக் என்பவருடன் சேர்ந்து, யுரேனியம் தானாகவே பிளவுறுவதைக் கண்டறிந்தார். பின்னர் போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தபோது வொரோனெஷ் நகரப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், தன் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டு இதழ்களில் என்ன எதிர்வினை வந்திருக்கிறது என்று தேடினார். எதிர்வினை ஒன்றும் இல்லை. அது மட்டுமன்று, அணுப்பிளவைப் பற்றிய கட்டுரைகளே நின்றுபோயிருந்தன. அதுவரை எழுதிக்கொண்டிருந்த பெயர்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அமெரிக்கா இரகசியமாக அணுகுண்டு வேலையில் இறங்கியிருக்கிறது என்று அந்த மௌனத்திலிருந்தே அவர் ஊகித்தார். 1942 ஏப்ரலில் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். பூட்டிய கதவும் ஒரு செய்தி சொல்லும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. எனினும், அமெரிக்காவில் இருந்த இயற்பியலாளர் சிலார்ட் முதலியோர் வலியுறுத்திய அந்த மௌனத்தைத் தவறு என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க உதவும் கிராஃபைட்டைப் பற்றி அவர்கள் வெளியிடாமல் வைத்திருந்த அளவீடுகள் ஜெர்மனிக்குக் கிடைக்கவில்லை. அங்கே செய்த அளவீடு, கிராஃபைட் உதவாது என்ற முடிவுக்குக் கொண்டு சென்றது. அதனால் ஜெர்மானியர்கள் அதே வேலைக்குக் கிடைப்பதற்கு அரிய கனநீரை நம்பினார்கள்.

எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்பதில் எனக்கு வழிகாட்டியாக இருப்பது 1982-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்காக டேல் கார்சன் தலைமையிலான குழு தந்த அறிக்கை. சிறிய இடத்தைச் சுற்றி உயரமான வேலி போடுங்கள் என்பது அதன் சாரம். 1985-இல் அந்த நாட்டு அரசு, அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் இயன்றவரை கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும் என்று ஓர் ஆணையாகவே எழுதி வைத்தது. சொல்வது எளிது. கோப்பு மேசைக்கு வரும்போது அந்தச் சிறிய இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யாராவது கோடு கிழித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில், ஃபெரெட் எனப்படும் கீரி போன்ற விலங்குகளிடையே காற்றின் வழியே பரவும்படி மாற்றப்பட்ட எச்5என்1 பறவைக்காய்ச்சல் வைரஸ் பற்றிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தபோது, செய்முறை விவரங்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள் என்று அமெரிக்க உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. சில மாதங்களில் அதே குழு, திருத்திய கட்டுரைகளைப் பார்த்து, வெளியிடலாம் என்றது. ஒரு கட்டுரையை வெளியிட நெதர்லாந்து அரசு ஏற்றுமதி உரிமம் கேட்டது. துறைமுகத்தில் பெட்டிகளுக்குக் கேட்கும் உரிமத்தை ஓர் ஆய்வுக் கட்டுரைக்குக் கேட்டார்கள்! அந்த அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், கையில் இருக்கும் கருவியைத்தான் எடுக்க முடியும்.

இனி என் சொந்தத் தவற்றைச் சொல்ல வேண்டும்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்திருந்த மாணவி ஒருவரின் கோப்பு வந்தது. அவர் இளங்கலை படித்த கல்வி நிலையத்துக்கு அவர் நாட்டு இராணுவத்துடன் தொடர்பு இருந்தது. படிவத்தின் முதல் கேள்வியே ‘எங்கே படித்தவர்?’ என்பதுதான். அதைப் பார்த்ததும் என் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ‘மேலும் விசாரணை தேவை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மறுக்கவில்லை, தள்ளி வைத்தேன். பொறுப்போடு நடந்துகொண்டதாகவே நினைத்தேன். விசாரணை முடிய ஏழு மாதம் ஆனது. அதற்குள் அவர் வேறொரு நாட்டில் சேர்ந்துவிட்டார். கோப்பை மூடுவதற்காக மறுபடி எடுத்தபோதுதான் அவருடைய ஆய்வுத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். அவர் செய்யவிருந்தது கான்கிரீட்டில் நுண்விரிசல்கள் வளர்வதைப் பற்றிய கணக்கீடு. அதில் மறைக்க வேண்டியது ஒரு வரிகூட இல்லை. அவருக்கு வழிகாட்டவிருந்த பேராசிரியரின் முறைகள் எல்லாம் அச்சில் வந்தவை, பாடநூலில் இருப்பவை.

அந்தக் கோப்பில் திட்டம் பதினோராம் பக்கத்தில் இருந்தது. நான் நான்காம் பக்கத்திலேயே முடிவெடுத்திருந்தேன்.

பேராசிரியரை நேரில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அடுத்த ஆண்டு விண்ணப்பங்களைப் பார்க்கும்போது என் கை தானாகவே சில பெயர்களைத் தள்ளி வைக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார். இந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. என் ஒரு குறிப்பு ஒரு மாணவியைத் தடுத்ததோடு நிற்கவில்லை. விண்ணப்பிக்கவே போகாத எத்தனையோ பேரை அது தடுத்திருக்கும், அவர்களைப் பற்றிய கோப்பு எந்த அலமாரியிலும் இருக்காது.

நாடுகளும் இதே தவற்றைப் பெரிய அளவில் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் ராக்கெட் ஆய்வில் முன்னணியில் இருந்த, சீனாவில் பிறந்த சியான் சூசென்னின் பாதுகாப்பு அனுமதியை 1950-இல் பறித்தார்கள். ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்து 1955-இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் ஏவுகணைத் திட்டத்தை வளர்த்தெடுத்தவர் அவரே. 2018-இல் சீனாவுக்கு இரகசியங்கள் போவதைத் தடுக்கவென அமெரிக்க நீதித்துறை தொடங்கிய ‘சைனா இனிஷியேட்டிவ்’ திட்டம் கல்வியாளர்கள் பலர்மீது வழக்குத் தொடுத்தது. அவற்றில் பல, இரகசியம் திருடியதற்காக அல்ல, வெளிநாட்டுத் தொடர்பைப் படிவத்தில் குறிப்பிடாததற்காக. சில வழக்குகள் கைவிடப்பட்டன, சில நீதிமன்றத்தில் தோற்றன. 2022 பிப்ரவரியில் அத்திட்டத்தையே முடித்துக்கொண்டார்கள். படிவத்தை நிரப்பாதது தவறுதான். அதைத் திருத்த வேண்டிய இடம் பல்கலைக்கழக அலுவலகம் என்பது என் உறுதியான கருத்து.

என் கோப்பு எனக்குக் கற்பித்த பிறகு, படிவத்தின் வரிசையை மாற்றச் சொல்லி எழுதினேன். முதல் கேள்வி ‘என்ன ஆராய்ச்சி?’ என்று இருக்க வேண்டும். அதற்கு விடை ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்றால் படிவம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஆளைப் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகுதான். கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் ஒன்றரை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. “பிறந்த நாட்டை வைத்து வடிகட்டினால் ஒரு நாளில் முடிகிற வேலை, இதற்கு விஞ்ஞானம் தெரிந்தவர்கள் அல்லவா வேண்டும்?” என்று கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் கேட்டார். ஆம், வேண்டும். அதற்குத்தான் எங்களைப் போன்றவர்களை ஆய்வகத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறீர்கள் என்றேன். கனடா 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்கை, பாதுகாப்பு நோக்கில் கவனம் தேவைப்படும் தொழில்நுட்பத் துறைகளின் பட்டியலையும் கவனிக்க வேண்டிய நிறுவனங்களின் பட்டியலையும் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளரின் குடியுரிமையை அளவுகோலாக்கவில்லை. அதில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதி என்னவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கிறது. நெதர்லாந்து 2022-இல் அறிவுப் பாதுகாப்புக்கென ஒரு தொடர்பு மையத்தையே திறந்தது. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகங்கள் அங்கே கேட்கலாம். கேட்பதற்கு ஓர் இடம் இருப்பது பாதி வேலை முடிந்த மாதிரி.

சென்ற வாரம் மாலையில் கிளம்பும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. கான்கிரீட் பேராசிரியர். அந்தச் சந்திப்புக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை. வழக்கமான அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் போடுவதாகவும், நாளைக் காலை கையெழுத்திட வேண்டும் என்றும், பதினான்காம் பிரிவு தனக்குச் சரியாகப் படவில்லை என்றும் சொன்னார்.

“அனுப்புங்கள், இப்போதே படிக்கிறேன்” என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் விளக்கைப் போட்டேன். ஒப்பந்தம் வந்தது, முப்பத்திரண்டு பக்கம். பதினான்காம் பிரிவுக்குத் தாவாமல் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினேன்.